சிப், சப், ஒரு மடக்கு

1

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன் வந்தது. பதிவு செய்த பெண்குரல். போன வருடம் என் அப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து. அவருக்குக் கொடுத்த சிகிச்சையை அவருக்குப் புரியும்படி விளக்கினார்களா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை அழுத்துங்கள் என்றது குரல். நான் எதையும் அழுத்தாமல் யோசித்துக்கொண்டு நின்றேன். குரல் இன்னொரு தடவை கேட்டது. பிறகு நன்றி சொல்லிவிட்டு அதுவாகவே துண்டித்துக்கொண்டது.

விளக்கினார்கள், அதில் குறை சொல்ல முடியாது. பொறுமையாக, அன்பாக, இரண்டு மொழிகளில் விளக்கினார்கள். அப்படியும் ஒரு சின்னச் சொல்லால் அப்பா சாகப் பார்த்தார். இதற்கு ஒன்றை அழுத்துவதா, ஐந்தை அழுத்துவதா?

நான் கம்பத்துக்காரி. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயர் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறோம். வந்து பதினெட்டு வருடமாகிறது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. கணவருக்கு வாரத்தில் பாதி நாள் வெளியூர். மகள் இனியா இங்கேயே பிறந்தவள், பதினாறு வயது. தமிழில் கேட்டால் அவளுக்குப் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும் என்று பல வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

2

தோட்டத்தில் திராட்சைக்குக் கவாத்து முடிந்த கையோடு, மிச்ச வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அப்பா மூன்று மாத விசாவில் வந்தார். அம்மா வரவில்லை. "எனக்கு அந்தக் குளிரு ஆகாதுடி, முழங்கால் மடங்காது" என்றுவிட்டாள்.

வந்த மூன்றாவது வாரம், காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "இந்தக் கை என்னத்தா, வேற யாரு கை மாதிரியோ கெடக்கு" என்றார். இடது கை தட்டின் ஓரத்தில் அப்படியே கிடந்தது. சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, நினைவும் தெளிவு, பேச்சில் லேசான குழறல், இடது பக்கம் பலவீனம் என்றார்கள். ஆனால் விழுங்குவதில் கோளாறு இருந்தது. தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும், இந்த வயதில் அதுதான் ஆளைக் கொண்டுபோகும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கவனிக்கவே ஹெலன் என்று ஒரு பெண் வந்தாள். அவளை ஸ்பீச் தெரபிஸ்ட் என்கிறார்கள். பேச்சையும் விழுங்குவதையும் ஒரே ஆள்தான் பார்க்கிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஹெலன் தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கினாள். ஒரு கரண்டி கொடுத்து, அப்பாவின் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது போலிருக்கிறது. இனி கெட்டித் தண்ணீர் மட்டும், நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டு, 'சிப்' பண்ண வேண்டும் என்றாள். அவருக்குச் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்தாள்.

எனக்கு வார்த்தை வரவில்லை.

தினமும் நானே பத்துத் தடவை சொல்லும் சொல்தான். தமிழில் என்ன? அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு மடக்கா குடிங்கப்பா" என்றேன். எங்கள் பக்கம் ஒரு வாய்த் தண்ணீருக்கு மடக்கு என்றுதான் பெயர். சொன்ன பிறகுதான், மடக்கு மடக்கென்று குடித்தான் என்றால் ஒரே மூச்சில் குடித்தான் என்று அர்த்தமாகிறதே என்று உறைத்தது. அப்பாவின் ஒரு மடக்கில் இந்த ஊர்க் கப்பில் பாதி காலியாகும். அவசரமாக மாற்றினேன். "இல்லப்பா, சப்பிச் சப்பிக் குடிங்க."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன பால்குடிப் பிள்ளையா, சப்பிக் குடிக்க? மரியாதையாச் சொல்லு."

3

மறுநாள் ஹெலன், வீட்டார் மொழிபெயர்க்கக் கூடாது, அது இங்கே விதி என்றாள். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தாள். மறுமுனையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். குரலிலேயே கருணை இருந்தது.

"ஐயா, நீங்கள் தண்ணியை மிடறு மிடறாக் குடிக்கவேணுமாம். அவசரப்படக் கூடாதாம். விளங்குதோ ஐயா?"

அப்பா போனைக் கும்பிட்டார். "விளங்குச்சும்மா, ரொம்பச் சந்தோசம்" என்றார். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "மிடறுன்னா என்னத்தா? மருந்தா?" என்றார். அதற்குள் ஹெலன், நோயாளிக்குத் தாய்மொழியில் விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார் என்று கணினியில் பதிந்துகொண்டிருந்தாள்.

கட்டிலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை. அதில் பெரிய எழுத்தில் 'சிப்ஸ் ஒன்லி' என்று எழுதினார்கள். அன்று சாயங்காலம் தம்பி வீடியோவில் வந்தான். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். பலகையைப் பார்த்தபடி அப்படியே படித்தேன்.

"என்னக்கா அநியாயமா இருக்கு" என்றான். "வாதம் வந்த மனுசனுக்குச் சிப்ஸ் மட்டும்னா எழுதிப் போட்டிருக்காக? ஒரு கஞ்சி கிஞ்சி காய்ச்சிக் குடுக்க மாட்டாகளா?"

பக்கத்தில் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் மனதில் குமுளிச் சாலையோரத்தில் விற்கும் நேந்திரங்காய்ச் சிப்ஸ். அது இல்லை, இது வேறு சிப், கொஞ்சங் கொஞ்சமாகக் குடிப்பது என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கே எந்தச் சொல் எந்த மொழியில் இருக்கிறது என்பது கலங்கிப் போனது.

4

பக்கத்துக் கட்டிலில் ரான் என்று ஒரு பெரியவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பு எலும்பு முறிவு. அவரைப் பார்க்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் அவரும் நண்பர்களாகிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அவர் ஜன்னலைக் காட்டி வானிலையைத் திட்டுவார். அப்பா அதே ஜன்னலைக் காட்டி, "மேகமலையில இறங்குற மாதிரி இறங்குதய்யா மூடுபனி" என்பார். அவர் தலையாட்டுவார்.

ஒரு நாள் பள்ளியில் எனக்கு வேலை இழுத்துவிட்டது. இனியாவை முன்னால் அனுப்பியிருந்தேன். அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா கெட்டித் தண்ணீரை மேசையில் ஒதுக்கி வைத்திருக்கிறார். "பசை மாதிரி இருக்கு, சுவரொட்டி ஒட்டலாம்" என்று முதல் நாளிலிருந்தே அதன் மேல் அவருக்கு வெறுப்பு. ரானுக்குப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கிறது. தன் ஜாடியிலிருந்து நல்ல தண்ணீரை ஒரு கப்பில் ஊற்றி நீட்டி, தன் கப்பையும் உயர்த்தி, "சப் அப், லாட்" என்றிருக்கிறார்.

சப் என்றால் யார்க்ஷயர்க்காரர்கள் வாயில் குடி என்று அர்த்தம். பீரைச் சப்புவார்கள், டீயைச் சப்புவார்கள். சப் அப் என்றால் மிச்சம் வைக்காமல் குடித்து முடி, லாட் என்றால் பையா. அப்பா ஒரு வாரமாகச் சிப், சிப் என்றே கேட்டுக்கொண்டிருந்தவர். காதுக்கு அதே சத்தம், எதிரே சிரித்த முகம். வலது கையால் கப்பை வாங்கினார், தலையை அண்ணாந்தார், முழுக் கப்பையும் தொண்டைக்குள் ஊற்றினார்.

நான் வார்டுக்குள் நுழைந்தபோது திரை இழுத்து மூடியிருந்தது. உள்ளே ஓடும் காலடிச் சத்தம், சளியை உறிஞ்சும் மெஷினின் சத்தம். இனியா வெளியே சுவரோரமாக நின்றிருந்தாள். "ஐ வாஸ் ரைட் தேர், மா" என்றாள் திரும்பத் திரும்ப. "ஐ வாஸ் ரைட் தேர்."

ஹெலன் பயந்தது நடந்தது. இரவுக்குள் காய்ச்சல். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று மூக்கில் குழாய் போட்டார்கள். அடுத்த இரண்டு நாள் அப்பா கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு ஈரமான துணியைக் கிழிப்பதுபோல் வந்தது. உறவினர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். தம்பிக்குப் போன் செய்தேன். "அப்பா தண்ணி கேட்டாகளா?" என்று மட்டும் கேட்டான். கண்ணை மூடியபடியே கேட்டார் என்றேன். கொடுத்தாயா என்று அவன் கேட்கவில்லை. எங்கள் ஊரில் சாகக் கிடக்கிறவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பதை எந்த வார்த்தையில் சொல்வது?

ரான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். குடி என்றுதானே சொன்னேன், வேறொன்றும் சொல்லவில்லையே என்றார். அவர் மேல் கோபப்படவும் எனக்குத் தெரியவில்லை.

5

அன்றிரவு வீட்டில் தூக்கம் வராமல், சமையலறையில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டினேன். யாரையாவது குற்றவாளியாக்க வேண்டும் போலிருந்தது. ஆள் கிடைக்காததால் சொல்லைப் பிடித்தேன்.

சப் பழைய சொல். ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஆங்கிலத்தில் இருக்கிறது. வாயால் உறிஞ்சிக் குடிப்பதுதான் அதன் முதல் பொருள். சிப் பின்னால் வந்தது. எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியவில்லை. சப்பிலிருந்தே பிறந்திருக்கலாம், குடிக்கும் அளவு சின்னது என்பதால் ஒலியும் சிறுத்திருக்கலாம் என்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்து ஜெர்மானிய மொழியிலும் அதுபோல் ஒன்று இருக்கிறதாம். ஆக, சொந்தக்காரர்கள். ஒன்று கொஞ்சமாகக் குடி என்கிறது, இன்னொன்று இந்த ஊர்க்காரர் வாயில் முழுக்கக் குடி என்கிறது. சூப்பும், இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லும் சப்பரும்கூட பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த ஒன்றுவிட்ட உறவாம்.

நம் சப்பு? உதட்டால் உறிஞ்சுவதற்குத் தமிழிலும் அதே ஒலி. உறவு ஒன்றும் இருக்காது, தற்செயல்தான். யார் வாயில் உறிஞ்சினாலும் சத்தம் ஒன்றுதானே. ஆனால் ரான் சொன்னதை அப்பா தமிழாகவே எடுத்துக்கொண்டிருந்தால்கூட ஒழுங்காகக் குடித்திருப்பார் என்று நினைத்தபோது எனக்குத் தலை சுற்றியது.

இனியா தண்ணீர் எடுக்க சமையலறைக்கு வந்தாள். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நாங்கள் சப் என்று சொன்னால் 'என்ன விஷயம்' என்று அர்த்தம் என்றாள். அவளுடைய நண்பர்கள் சந்தித்தால் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்களாம். மூன்றாவது சப். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தாத்தா அப்படிக் குடிப்பாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள். முழு வாக்கியமும் தமிழில். அதைக் கவனிக்கிற நிலையில் அன்று நான் இல்லை.

6

அப்பா பிழைத்தார். காய்ச்சல் இறங்கி, குழாயை எடுக்கலாமா என்று பார்க்க ஹெலன் மறுபடி வந்தாள். நடந்தது அவளையும் உலுக்கியிருந்தது. கரண்டியில் கொடுத்தபோது சரியாகத்தானே விழுங்கினார், கப்பில் குடித்தபோதெல்லாம் சட்டை நனைந்ததென்று நர்ஸ்கள் எழுதியிருக்கிறார்களே, அது எப்படி, உதட்டில் பலமில்லையோ என்றாள். பிறகு, யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டாள். வீட்டில் அவர் எப்படித் தண்ணீர் குடிப்பார்?

நான் காலிக் கப்பை எடுத்து, தலையை அண்ணாந்து, வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சரித்துக் காட்டினேன்.

ஹெலன் வாயைத் திறந்தபடி நின்றாள். "எப்போதுமேவா?"

எப்போதும்தான். தோட்டத்தில் ஒரே செம்பு பத்துப் பேர் கைக்கு மாறும், ஒருவர் உதடும் அதில் படாது. பட்டால் எச்சில். அது சுத்தத்துக்காக என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். யார் செம்பை யார் தொடலாம் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. எப்படியோ, எழுபது வருடமாக அப்பாவின் கழுத்துக்குத் தண்ணீர் என்றால் பின்னால் சாய வேண்டும். இந்த நோய்க்கு அதைவிட ஆபத்தான கோணம் இல்லையாம். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றாள் ஹெலன். அதில் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்று தோன்றவில்லை.

"உதடு வைத்து அவர் குடிக்கிற ஏதாவது உண்டா?"

"டீ" என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தண்ணீரை அண்ணாந்து குடிக்கும் ஊரில் டீயை யாரும் அண்ணாந்து குடிப்பதில்லை. கொதிக்கக் கொதிக்க, கண்ணாடி கிளாஸின் விளிம்பில் உதட்டை வைத்து, ஊதி, இழுத்து.

இனியா வீட்டுக்குப் போய் அலமாரியில் கிடந்த சின்னக் கண்ணாடி கிளாஸை எடுத்துவந்தாள். ஹெலன் டீயைக் கெட்டியாக்கி அதில் ஊற்றினாள். நான் அப்பாவிடம், "டீக்கடையில குடிப்பீகளே, அதே மாதிரிப்பா" என்றேன்.

அப்பா கிளாஸைப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? இத முதல்லயே சொல்ல வேண்டியதுதானத்தா. மடக்குங்கிற, சப்புங்கிற, அந்தம்மா மிடறுங்கிறாக." கிளாஸை வலது கையில் வாங்கினார். குனிந்தார், ஊதினார், இழுத்தார். ஹெலனின் விரல் அவர் தொண்டையிலேயே இருந்தது. இருமல் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் ரான் இரண்டு கையையும் வாய்மேல் வைத்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு சொல்கூட வெளியே வந்துவிடக் கூடாது என்பதுபோல்.

"ரானுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் அப்பா. அவருக்கு என்ன ஆக வேண்டும் என்றேன். "இல்ல, அன்னைக்கு ரொம்பப் பதறிட்டாருத்தா. மனசு வந்து தண்ணி குடுக்குற ஆளுகிட்ட எப்புடி வேணாங்கிறது?"

7

அப்பாவை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது தம்பி. அதற்காகவே விசா வாங்கி வந்தான். நான் போக இன்னும் ஆறு மாதம் ஆனது. இனியாவுக்குப் பரீட்சை, அவள் வரவில்லை.

கம்பத்து வீட்டில் ஒரு புதுச் சொல் குடியேறியிருந்தது. "மாமாவுக்குச் சிப்பு குடுத்தாச்சா?" என்று தம்பி பொண்டாட்டி செல்வி கேட்கிறாள். "இப்பத்தான் ஒரு சிப்பு போட்டாக" என்கிறாள் அம்மா. பொடி கலந்த தண்ணீருக்குப் பெயர் சிப்பு. கிளாஸுக்கும் அதுவே பெயர். மருந்துக் கடையில் போய்ச் சிப்பு இருக்கா என்று கேட்டு, இல்லை என்றதும், இங்கிலாந்து மருந்து இங்கன எங்க கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சமாதானமாகி வந்திருக்கிறார். நான் திருத்தப் பார்த்தேன். சிப் என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை, குடிக்கிற செயல் என்றேன். "நாங்க சரியாத்தானடி குடுக்குறோம்" என்றாள் அம்மா. அது உண்மை. அப்பா நன்றாக இருந்தார். இடது கை தோள் உயரத்துக்கு எழும்பியது.

போய் இறங்கிய அன்று, மதுரையிலிருந்து காரில் வந்த வெயிலில் எனக்குத் தாகம். செல்வி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கி, பேச்சுச் சுவாரசியத்தில் நேராக உதட்டில் வைத்துக் குடித்துவிட்டேன். செல்வி செம்பை வாங்க நீட்டிய கையை மட்டும் ஒரு கணம் நிறுத்தினாள். எனக்கு முகம் சுட்டது. மறுபடி செம்பை உயர்த்தி, அண்ணாந்து, ஊற்றினேன். கழுத்து மறந்துவிட்டிருந்தது. பாதி சட்டைக்குள் போனது, மீதி மூச்சுக்குள். இருமினேன், நிற்கவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர்.

அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்து, அந்த இடது கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, என் உச்சந்தலையில் தட்டினார். "யாருத்தா உன்னைய இம்புட்டு நெனைக்கிறது? நெனைக்கிற ஆளுகெல்லாம் இங்கனதான இருக்கோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். மூச்சு திரும்பியதும், "இனியாவா இருக்கும்" என்றேன்.

"அவளுக்கு இதெல்லாம் தெரியுமாக்கா?" என்றாள் செல்வி.

தெரியாது என்றேன். இருமினால் முதுகைத் தட்டுவாள், தலையைத் தட்டத் தெரியாது. யாரோ நினைத்தால் புரையேறும் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்றே நான் யோசித்ததில்லை.

அம்மா முந்தானையால் என் கழுத்தைத் துடைத்துவிட்டாள். "நெனைக்கிறதுக்கு என்னத்தடி தெரியணும்?" என்றாள்.